வாசகர் கேள்வி – பதில்: உதட்டுச் சாயம் முதல் உடுப்பு வரை

கேள்வி: விலங்குச் சோதனை இல்லை என்று அச்சிட்டிருந்ததை நம்பி ஓர் உதட்டுச் சாயம் வாங்கினேன். அதில் பூச்சியிலிருந்து எடுத்த நிறம் சேர்ந்திருப்பதாகத் தோழி சொல்கிறாள். நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள் என்று சொல்லிவிட முடியாது. விலங்குச் சோதனை இல்லை என்பது பொருள் சோதிக்கப்பட்ட முறையைப் பற்றியது. வீகன் (உயிரினங்களிடமிருந்து பெற்ற எதுவும் சேராதது) என்பதுதான் அதில் கலந்திருப்பவற்றைப் பற்றியது. உறையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ள பட்டியலில் 'கார்மைன்' என்றோ 'சிஐ 75470' என்றோ இருந்தால், கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சிகளை உலர்த்தி, நசுக்கி எடுத்த சிவப்பு அது. தேன்மெழுகும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலினும் இவ்வாறே உயிரினங்களிடமிருந்து வருபவை.

சோதனை பற்றிய வாக்கியத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையை 2004இலும், அவற்றின் மூலப்பொருள்களுக்கான சோதனையை 2009இலும் தடைசெய்து, அவ்வாறு சோதித்தவற்றின் விற்பனையையும் 2013 மார்ச்சில் முற்றிலுமாக நிறுத்தியது. எல்லா நாடுகளிலும் இத்தகைய சட்டம் இல்லை. அங்கெல்லாம் "நாங்கள் சோதிப்பதில்லை" என்று சொல்லும் நிறுவனம், தனக்கு மூலப்பொருள் தருபவர் சோதித்தாரா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். 'லீப்பிங் பன்னி' (துள்ளும் முயல்) முத்திரை, மூலப்பொருள் தருவோர் வரை கண்காணிப்பும் வெளியார் தணிக்கையும் கோருவதால் அதை நம்பலாம். வெறும் முயல் படத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம்.

கேள்வி: என் அலமாரி நிறையப் பாலியெஸ்டர் உடைகள். அவற்றை ஒதுக்கிவிட்டு ஆர்கானிக் பருத்திக்கு மாற நினைக்கிறேன். சரிதானே?

பதில்: தயவுசெய்து ஒதுக்காதீர்கள். அவற்றைத் தயாரிக்கச் செலவான கச்சா எண்ணெயும் மின்சாரமும் செலவானதுதான். கிழியும்வரை உடுத்துவதே அந்தச் செலவுக்கு நியாயம் செய்யும். பெருங்கடல்களில் நேரடியாகச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 35 விழுக்காடு பாலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2017இல் மதிப்பிட்டது. ஆகவே தேவைப்படும்போது மட்டும், குளிர்ந்த நீரில், குறுகிய சுழற்சியில், இயந்திரத்தைப் போதிய அளவு நிரப்பித் துவையுங்கள். வடிகட்டியில் திரளும் பஞ்சைத் தொட்டியில் கழுவாமல் வழித்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். கழுவினால் அது வந்த வழியே கடலுக்குப் போய்விடும்.

புதிதாக வாங்க நேரும்போது பருத்தி என்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. 1960கள் முதல் பருத்தி வயல்களுக்காக மத்திய ஆசியாவின் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகள் திருப்பிவிடப்பட்டதால்தான் ஏரல் கடல் வற்றிப்போனது. 'ஜிஓடிஎஸ்' (ஆர்கானிக் துணிகளுக்கான உலகளாவிய தரச்சான்று) முத்திரை உள்ள துணியில் குறைந்தது 70 விழுக்காடு இயற்கை வேளாண் இழை இருக்க வேண்டும். அதிலேயே 'ஆர்கானிக்' என்ற தரத்துக்கு 95 விழுக்காடு. மூங்கில் துணி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை விஸ்கோஸ், அதாவது தாவரக் கூழை வேதிப்பொருள்களால் கரைத்து எடுக்கும் இழை. அதைத் தயாரிக்கப் பயன்படும் கார்பன் டைசல்பைடு, தொழிலாளரின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடிய நச்சு.

கேள்வி: விலை கூடுதலான உடை என்றால் தைத்தவருக்கு நியாயமான கூலி கிடைத்திருக்கும் அல்லவா?

பதில்: விலைச்சீட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டு அஞ்சிய தொழிலாளர்களைத்தான் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். அதன் பிறகு, தொழிற்சாலைப் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நீங்கள் விரும்பும் நிறுவனம் தனக்குத் தைத்துத் தரும் தொழிற்சாலைகளின் பெயர்களை வெளியிடுகிறதா, இத்தகைய உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்; கேட்பவர் எண்ணிக்கை கூடும்போது நிறுவனங்களால் மௌனமாக இருந்துவிட முடிவதில்லை.