கவாசாகி நோய்: முதல் எக்கோ நார்மல், அப்புறம் என்ன?

கேள்வி: நான்கு வயதை நெருங்கும் என் மகனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. கண் சிவந்து, உதடு வெடித்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கவாசாகி நோய் என்று சொல்லி இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிரணு மருந்து) ஏற்றினார்கள். மறுநாளே காய்ச்சல் விட்டது, எக்கோவும் (இதய ஸ்கேன்) நார்மல். இரண்டு வாரம் ஆகிறது. இப்போது விரல் நுனியில் தோல் உரிகிறது. தினமும் ஆஸ்பிரின் கொடுக்கிறேன். இதய நோயாளி ஆகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. ஓடியாட விடலாமா? அடுத்த மாதம் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி போடலாமா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: தோல் உரிவதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நகத்தை ஒட்டித் தொடங்கி விரல் நுனித் தோல் இப்படி உரிவது கவாசாகியில் வழக்கம். பிய்க்காமல் விட்டால் தானாகவே சரியாகிவிடும். உங்கள் கவனம் இருக்க வேண்டியது அடுத்த எக்கோவில்தான்.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1961-இல் முதலில் பார்த்து, 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களோடு எழுதிய நோய் இது. ரத்தக் குழாய்களின் சுவரில் அழற்சி ஏற்படுகிறது. காய்ச்சலும் தடிப்பும் மருந்தே இல்லாவிட்டாலும் அடங்கிவிடும். ஆபத்து, இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளில்தான். அழற்சியில் சுவர் பலவீனமாகி, ஆங்காங்கே புடைத்துவிடும். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால், அது நூற்றுக்கு நான்கைந்து பேராகக் குறைந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு உரிய நேரத்தில் மருந்து போயிருக்கிறது. இது பெரிய விஷயம்.

ஆனால் முதல் எக்கோ நார்மல் என்பதோடு நின்றுவிடக் கூடாது. புடைப்பு பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில்தான் தெரியவரும். அதனால் சிகிச்சைக்குப் பிறகு ஒன்று, இரண்டு வாரத்தில் ஓர் எக்கோவும், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் இன்னொன்றும் கட்டாயம் வேண்டும். இரண்டாவது எக்கோ இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே போய்விடுங்கள். முடிந்தால் குழந்தைகள் இதய நிபுணரிடமே எடுங்கள். ரிப்போர்ட்டில் 'இதயம் நன்றாகச் சுருங்குகிறது' என்று மட்டும் இருந்தால் போதாது. கரோனரி தமனிகளின் அளவு மில்லிமீட்டரிலும், குழந்தையின் உயரம், எடைக்கு ஏற்ப கணக்கிட்ட இசட் ஸ்கோரும் இருக்க வேண்டும். இசட் ஸ்கோர் 2-க்குக் கீழே இருந்தால் நார்மல். பையன் அழுது புரண்டால் தமனி சரியாகத் தெரியாது. தூங்கும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரங்களில் ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் ஏறும், ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வீதம், தினம் ஒரு வேளை கொடுக்கிறோம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எக்கோ நார்மல் என்றால் டாக்டரே நிறுத்திவிடுவார். அதுவரை வலிக்கோ காய்ச்சலுக்கோ ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரின் வேலை செய்வதை அது கெடுக்கும். அக்கம்பக்கத்திலோ பள்ளியிலோ யாருக்காவது சின்னம்மை போட்டிருந்தால், அல்லது பையனுக்கே ஃப்ளூ போலத் தெரிந்தால், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்தச் சமயத்தில் ஆஸ்பிரின் சாப்பிட்டால், அபூர்வமாக, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

எம்எம்ஆர் அடுத்த மாதம் வேண்டாம். ஏற்றிய இம்யூனோகுளோபுலினில் பிறருடைய எதிரணுக்கள் இருக்கின்றன. அவை தடுப்பூசியில் உள்ள வைரஸை அடக்கிவிடும், போட்டும் பயனிருக்காது. எம்எம்ஆர், சின்னம்மை இரண்டையும் 11 மாதம் தள்ளிப் போடுங்கள். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை கிடையாது. ஃப்ளூ ஊசி போடலாம், ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு அது நல்லதும்கூட. தடுப்பூசி அட்டையிலேயே இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியை எழுதி வையுங்கள். பள்ளியில் முகாம் நடக்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள்.

ஓடியாடுவது? இரண்டாவது எக்கோவும் நார்மல் என்றால் வீட்டில் வழக்கம்போல் இருக்கட்டும். கடைசி எக்கோவும் நார்மல் என்றால் எந்தத் தடையும் இல்லை, ஓட்டப்பந்தயம், கால்பந்து, நீச்சல் எல்லாம் சரி. அவன் இதய நோயாளி அல்ல. தயவுசெய்து அப்படிச் சொல்லி வளர்க்காதீர்கள். ஒருவேளை சிறிய புடைப்பு தெரிந்தாலும், அவற்றில் பாதிக்கு மேல் ஓரிரு வருடங்களில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. 8 மில்லிமீட்டரைத் தாண்டும் பெரிய புடைப்புதான் கவலைக்குரியது. அதற்கு ரத்த உறைவைத் தடுக்கும் கூடுதல் மருந்தும் வாழ்நாள் கண்காணிப்பும் தேவை.

இது தொற்று அல்ல, கூடப்பிறந்தவர்களைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. அதே குழந்தைக்கு மறுபடி வருவது அபூர்வம், ஆனால் வரலாம். இந்த வாரங்களில் காய்ச்சல் திரும்பினால் அன்றே காட்டுங்கள். பிற்காலத்தில் எப்போதாவது காய்ச்சல் நான்கைந்து நாள் நீடித்தால், புதிய டாக்டராக இருந்தாலும், "முன்பு கவாசாகி வந்திருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.