நாற்பது பேர் வந்தும் ஏன் சிரிக்கவில்லை?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஒரு சின்ன ஊரில் ஸ்டாண்ட்-அப் காமெடி நடத்துகிறோம். 200 பேர் உட்காரும் அரங்கை எடுத்தோம். முதல் தடவை 40 பேர் வந்தார்கள், சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டது. அடுத்த மாதம் 15 பேர். விளம்பரத்துக்கு இன்னும் செலவு செய்யலாமா? ஊர்க்காரர்களைக் கலாய்த்தால் கூட்டம் வருமா?

பதில்: விளம்பரச் செலவை இப்போதைக்கு நிறுத்துங்கள். சின்ன ஊரில் முதல் நிகழ்ச்சிக்கே 40 பேர் வந்திருக்கிறார்கள் என்றால் விளம்பரம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மறுநாள் அந்த 40 பேர் மற்றவர்களிடம் என்ன சொன்னார்களோ, அதுதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது.

சரி, அவர்கள் ஏன் சிரிக்கவில்லை? ஜோக்கைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நாற்காலிகளைப் பாருங்கள். சிரிப்பைப் பற்றி நிறைய ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். உங்கள் அரங்கில் ஆளுக்கு நாலு காலி நாற்காலி. வந்தவர்கள் கடைசி வரிசைகளில் சிதறி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் தோள் இல்லாதவர் கூட்டத்தில் இருந்தாலும் தனியாள்தான். அவருக்குச் சிரிப்பு வந்தாலும், தன் குரல் மட்டும் தனியாகக் கேட்குமே என்று அடக்கிக்கொள்வார்.

அதனால் 50 பேருக்கு மேல் பிடிக்காத, கூரை தாழ்வான ஓர் அறையைத் தேடுங்கள். கூரை உயரமாக இருந்தால் சிரிப்பு மேலே போய்க் காணாமல் போய்விடும். நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள். முதல் வரிசை மேடையை ஒட்டி இருக்கட்டும். நட்டநடுவே நடைபாதை விடாதீர்கள், விட்டால் பேசுகிறவர் நேர் எதிரே வெறும் தரையைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். வெளிச்சம் மேடைக்கு மட்டும் போதும். இது உங்களுக்கு இன்னும் முக்கியம். ஏனென்றால், தெரிந்தவரைப் பற்றிய ஜோக்குக்குத் தான் சிரித்ததை இன்னொரு தெரிந்தவர் பார்ப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். அறை சின்னதாக இருந்தாலும் மைக் வையுங்கள். யார் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இரண்டாவது பிரச்சினையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது. ஒரே மாதத்தில் நான்கு பேரும் புதிதாக எவ்வளவு எழுதியிருப்பீர்கள்? உண்மையிலேயே சிரிப்பு வரும் ஐந்து நிமிடம் தேற, புதியவருக்குச் சில மாதங்கள் ஆகும். பெருநகரத்தில் இருப்பவர் அதே ஐந்து நிமிடத்தை, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசக்கூடிய ஓப்பன் மைக் நிகழ்ச்சிகள் இருபதில், இருபது விதமான கூட்டத்தின் முன்னால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வார். உங்களுக்கு இருப்பது ஒரே அறை, அதே முகங்கள். சிரிக்க வைக்கும் கடைசி வரியான பஞ்ச்லைன் முன்கூட்டியே தெரிந்தால் யார் சிரிப்பார்கள்?

மாதாமாதம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடத்துங்கள். இடையில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, 'இது பயிற்சி, சொதப்புவோம்' என்று சொல்லிவிட்டே புது ஜோக்குகளைச் சோதித்துப் பாருங்கள். அப்புறம், பக்கத்து ஊர்களிலும் உங்களைப் போல நாலு பேர் இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். அவர்கள் இருவர் இங்கே, நீங்கள் இருவர் அங்கே. இங்கே பழசாகிப்போன ஜோக் அங்கே புத்தம் புதுசு. ஒரே ஊரை வைத்துக்கொண்டு இதை நடத்த முடியாது என்பது என் எண்ணம்.

ஊர்க்காரர்களைக் கலாய்ப்பது சின்ன ஊருக்குக் கிடைத்த வரம், ஆபத்தும் அதுவேதான். குண்டும் குழியுமான சாலை போல ஊருக்கே தெரிந்த ஒரு பழுதைப் பற்றிப் பேச முன்கதை தேவையில்லை, பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும். மனிதர்கள் விஷயம் வேறு. ஒரு முறை, எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரின் நடையை அப்படியே செய்து காட்டினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் சிரிப்பு இரண்டு நொடி தாமதமாக வந்தது. எல்லாரும் முதலில் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். சம்மதித்தால் முன் வரிசையில் உட்கார வைக்கிறேன். அவர் சிரித்துவிட்டால் மற்றவர்களுக்குத் தடை விலகிவிடும். கடன், நோய், குடும்பச் சண்டை ஆகியவற்றை அவரே சம்மதித்தாலும் தொடாதீர்கள். லண்டனில் 1979இல் தி காமெடி ஸ்டோர் என்ற காமெடி கிளப் தொடங்கியபோது, சொதப்புகிறவரைச் சேகண்டி அடித்து இறக்கிவிடுவார்கள். பெருநகரத்தில் அது வேடிக்கை. உங்கள் ஊரில் அடித்தவரும் இறங்கியவரும் மறுநாள் காலையில் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாக வேண்டும்.

விளம்பரத்துக்கு நோட்டீஸைவிட நேரில் கூப்பிடுவது மேல். நால்வரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் பேசுங்கள், கூடவே ஒருவரை அழைத்து வரச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு முடியும், குழந்தைகளை அழைத்து வரலாமா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட, கூட்டத்தின் சிரிப்பும் சேர்ந்து கேட்கும் முப்பது நொடி வீடியோ போதும், அதில் ஊர்க்காரரைப் பற்றிய ஜோக் மட்டும் வேண்டாம். இலவசமாக விடாதீர்கள். சின்னத் தொகையாவது கட்டியவர்தான் மழை பெய்தாலும் வருவார்.

அடுத்த தடவை 35 நாற்காலி மட்டும் போடுங்கள். மறுபடி 40 பேர் வந்தால் ஐந்து பேர் நின்றுகொண்டே பார்க்கட்டும். அதற்கடுத்த முறை அவர்கள்தான் முதலில் வந்து இடம் பிடிப்பார்கள்.