எரிச்சல் துணியிலா, ஓரத்திலா?

வாசகர் கேள்வி: திருப்பூரில் பன்னிரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். நாள் முழுக்க பைக்கில் சுற்றும் டெலிவரி பையன்களுக்கென்று சொந்தமாக ஒரு ஜட்டி கொண்டுவர ஆசை. 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) துணியில் கறுப்பு நிறத்தில் தைத்து, சென்னையில் பத்துப் பேருக்குச் சாம்பிள் கொடுத்தேன். நான்கு பேர் தொடையிடுக்கில் எரிகிறது என்கிறார்கள். இரண்டு பேருக்கு இடுப்பில் அரிப்பு. மற்ற சிலர் ஈரம் காயவே இல்லை என்கிறார்கள். மூங்கில் துணிக்கு மாறி சில்வர் ஃபினிஷ் (கிருமியைத் தடுக்கும் வெள்ளிப் பூச்சு) கொடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. செலவுதான் ஏறும், புகார் அப்படியே இருக்கும்.

உங்களுக்கு வந்திருப்பது மூன்று வெவ்வேறு புகார்கள், மூன்றுக்கும் காரணம் வேறு. நீங்கள் அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டித் துணியின் தலையில் வைக்கிறீர்கள். முதலில் அந்தப் பத்துப் பேருக்கும் மறுபடி போன் போட்டு, எங்கே, எப்போது தொடங்கியது, எத்தனை நாளில் போனது என்று கேளுங்கள். கூச்சப்படுவார்கள், ஒரு தாளில் உடம்பின் படம் வரைந்து அனுப்பி, வட்டம் போட்டுக் காட்டச் சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

போட்ட அன்றைக்கே மாலைக்குள் இரண்டு தொடையிடுக்கிலும் ஒரே மாதிரி சிவந்து எரிந்து, இரண்டு நாள் லீவு விட்டால் ஆறிவிடுகிறது என்றால் அது உரசல். எலாஸ்டிக் படும் இடத்தில் மட்டும் பட்டையாக அரித்து, அதுவும் போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டியது என்றால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, வாரக்கணக்கில் வட்டமாகப் பரவிக்கொண்டே போனால் படர்தாமரை, அது பூஞ்சை. அந்த ஆளை உங்கள் சாம்பிள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் நாலு நாள் அரிப்பை அடக்கிவிட்டு நோயைப் பெரிதாக்கும், அதையும் சொல்லி அனுப்புங்கள். எந்த ஜட்டியும் அதைக் குணப்படுத்தாது.

சரி, உங்கள் நான்கு பேருக்கு வருவோம். அவர்களுடையது உரசல் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் தைத்திருப்பது பிரீஃப் வெட்டு, அதாவது தொடையில் இறங்காத ஜட்டி. பிரீஃபின் கால் ஓரம் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்: தொடை மடியும் இடத்தில், சரியாக அந்தக் கோட்டின் மேல். அங்கே துணி, எலாஸ்டிக், மடித்த துணி, மேலே தையல் நூல் என்று ஒரு கயிறு மாதிரி தடித்துவிடுகிறது. நிற்கிறவனுக்கு அது தெரியாது. பைக்கில் உட்கார்ந்து காலை மடக்கியதும் அந்த மடிப்பு மூடிக்கொள்கிறது, கயிறு உள்ளே மாட்டிக்கொள்கிறது, சிக்னலுக்கு சிக்னல் கால் ஊன்றும்போதெல்லாம் அறுக்கிறது. இதோடு வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஈரத்தோல் காய்ந்த தோலைவிட மிக அதிகமாகத் துணியைப் பிடித்து இழுக்கும். வியர்வை காய்ந்தால் உப்பு தங்கிச் சொரசொரப்பாகும். இதில் மூங்கில் என்ன செய்யும்?

வெட்டை மாற்றுங்கள். தொடையில் நாலைந்து அங்குலம் இறங்கும் ட்ரங்க் வெட்டு வைத்தால் ஓரம் மடிப்பை விட்டு விலகிவிடும், இரண்டு தொடைத் தோலும் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் துணியும் இருக்கும். அதைவிடக் குட்டையாக வைத்தால் சுருண்டு ஏறி மறுபடி இடுக்குக்கே வந்து சேரும், அது பிரீஃபைவிட மோசம். கால் ஓரத்தில் எலாஸ்டிக்கே வேண்டாம், மடித்து ப்ளாட்லாக் அடித்தால் போதும். நம் ஊரில் பலரும் அதை பேட்லாக் என்பார்கள், எப்படிச் சொன்னாலும் தையல் தட்டையாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் நான்கு தையல் ஒரு புள்ளியில் சந்திக்கிற வெட்டு இருக்கிறதே, அதைத் தூக்கி எறியுங்கள். அந்தப் புள்ளியின் மேல்தான் அவன் பத்து மணி நேரம் உட்காரப்போகிறான். ஒரு தொடையிலிருந்து மறு தொடைவரை ஒரே துண்டாக ஓடும் கஸட் (அடிப்பக்கத் துண்டு) வைத்தால் தையல் முன்னும் பின்னும் தள்ளிப்போய்விடும். முன்பக்கம் பை மாதிரி கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள், விதைப்பை தொடையோடு ஒட்டிக் கிடப்பதுதான் பாதி வியர்வைக்குக் காரணம்.

நான்கு ஊசி ஆறு நூல் ப்ளாட் சீமர், அதாவது இரண்டு துணியையும் தட்டையாக இணைக்கும் மிஷின், இருந்தால் நல்லது. பன்னிரண்டு மிஷின் யூனிட்டில் அது இருக்காது, தெரியும். ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக்கையே வைத்துக்கொண்டு அதன் லூப்பரில் (ஓரத்தைச் சுற்றும் நூலைக் கொண்டுபோகும் கொக்கி) வூலி நைலான் நூல் போடுங்கள், அது பஞ்சு மாதிரி விரிந்து தையலை மெத்தென்று ஆக்கும். அப்புறம் ஒரு காரியம், இதைச் சொன்னால் செக்கிங் செய்பவர்கள் சிரிப்பார்கள்: தையலின் முரட்டுப் பக்கம் தோலில் படாமல் வெளிப்பக்கம் வருமாறு திருப்பித் தையுங்கள். "உள்பக்கம் வெளியே தெரியுதே" என்பார்கள். பேண்ட்டுக்குள் போவதை யார் பார்க்கப்போகிறார்கள்?

அடுத்தது காயாத ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். வழிந்து ஓடும் வியர்வையால் அந்தப் பலன் கிடையாது. ஆனால் ஆவியாகக் காற்று வேண்டும். டெலிவரி பையனுக்கு அடியில் ரெக்ஸின் சீட், மேலே ஜீன்ஸ், ஊர் சென்னை, காற்றே பாதி தண்ணீர். விளம்பரங்களில் வியர்வை மாயமாகப் போகிற துணியெல்லாம் ஓடுகிறவனுக்காகச் செய்தது, உட்கார்ந்திருப்பவனுக்கு அது அப்படியே பலிக்காது. அதனால் உங்கள் துணி இரண்டு வேலை செய்தால் போதும். ஈரத்தை ஒரே இடத்தில் தேக்காமல் பக்கவாட்டில் இடுப்புப் பக்கமும் தொடைப் பக்கமும் பரப்ப வேண்டும், மொத்தத்தில் குறைவான தண்ணீரைச் சுமக்க வேண்டும். 180 ஜிஎஸ்எம் இரண்டாவதற்கே எதிரி. 150-க்கு இறங்குங்கள், கஸட்டைத் தவிர வேறெங்கும் இரட்டைத் துணி வேண்டாம்.

இப்போது யாரும் சந்தேகப்படாத குற்றவாளி: சாஃப்ட்னர். சாயப்பட்டறையில் கடைசியாகத் துணிக்கு சிலிக்கான் சாஃப்ட்னர் கொடுப்பார்கள், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும், பையர் மயங்கிவிடுவார். சாதாரண சிலிக்கான் நூலின் மேல் படலமாகப் படிந்து தண்ணீரைத் தள்ளிவிடும். தண்ணீர் குடிக்கிற பருத்தியை வாங்கி அதற்கு மழைக்கோட்டு மாட்டிவிட்ட கதைதான். உங்கள் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்று நான்கு நொடிக்குள் உறிஞ்ச வேண்டும். முத்து மாதிரி உருண்டு நின்றால் பட்டறைக்காரரிடம் தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ரோஃபிலிக் சாஃப்ட்னர் போடச் சொல்லுங்கள், மென்மைக்கு பயோ பாலிஷ் கேளுங்கள், என்சைம் கொண்டு நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு மயிரை நீக்குவது அது. நான் ஒருமுறை ஒரு கம்பெனிக்காக நூலை மாற்றி, கவுண்ட் (நூலின் பருமன்) மாற்றி, நிட்டிங்கையே மாற்றி இரண்டு மாதம் ஓட்டிய பிறகுதான் இந்தச் சொட்டுச் சோதனை செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

நாருக்கு வருவோம். சாதாரண ஈரப்பதக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும், கூழைக் கரைத்து நாராக இழுக்கும் விஸ்கோஸ் வகை 11 முதல் 13 வரை, நைலான் 4, பாலியஸ்டர் வெறும் 0.4. பருத்தி நனைந்தால் ஊதிக்கொண்டு துவளும், காய நேரம் எடுக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைத்து நாறும், மாதக்கணக்கில் துவைத்தாலும் அந்த வாடை முழுசாகப் போகாது. என் கையில் விட்டால் பாதிக்குப் பாதி கோம்ப்டு காட்டனும் (குட்டை நார்களைச் சீவி நீக்கிய பருத்தி) மைக்ரோ மோடலும் (மரக்கூழிலிருந்து வரும் மெல்லிய விஸ்கோஸ் வகை நார்), கூடவே 5 சதவீதம் லைக்ரா. மோடல் நார் வழவழப்பானது, நனைந்த பிறகும் தோலில் வழுக்கும், உங்கள் பிரச்சினை உரசல் என்பதால் அதைச் சொல்கிறேன். உட்பக்கம் பாலியஸ்டர், வெளிப்பக்கம் பருத்தி என்று ப்ளேட்டிங் முறையில் நிட்டிங் செய்கிற துணியும் நன்றாக வேலை செய்யும், தோல் பக்கம் காய்ந்து வெளிப்பக்கம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். முதல் சரக்குக்கே அது வேண்டாம், நிட்டிங்கில் கொஞ்சம் பிசகினாலும் இரண்டு நூலும் கலந்து தெரியும்.

மூங்கில் என்று விற்பதில் பெரும்பாலும் மூங்கில் கூழைக் காரத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ்தான். துணி கெட்டதில்லை. ஆனால் செடியில் கிருமியெதிர்ப்பு இருந்திருந்தாலும் அந்த ரசாயனக் குளியலைத் தாண்டித் துணிக்கு வந்து சேராது. அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 2009-லிருந்தே இந்தப் பெயருக்காக வழக்குப் போட்டு வருகிறது, 2022-ல் இரண்டு பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள் 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. சில்வர் ஃபினிஷ் நாற்றத்தைக் குறைக்கும், துவைக்கத் துவைக்கக் கரையும். உரசலுக்கும் எலாஸ்டிக் ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த இடுப்பு அரிப்புக்காரர்கள் இருவரை மறந்துவிடவில்லை. எலாஸ்டிக் ரப்பரில் செய்ததா, லைக்ராவில் செய்ததா என்று சப்ளையரிடம் கேட்டீர்களா? ரப்பரைப் பதப்படுத்தத் தையுராம், கார்பமேட் என்று சில வேதிப்பொருள்கள் சேர்ப்பார்கள், ஒவ்வாமை பெரும்பாலும் அவற்றால்தான். இதில் ஒரு விசித்திரம் உண்டு: ரப்பர் எலாஸ்டிக் வைத்த ஜட்டியை குளோரின் ப்ளீச்சில் துவைத்தால், சும்மா கிடந்த ஒரு கார்பமேட் ஒவ்வாமை தரும் வேறு பொருளாக மாறிவிடும், இதை 1970-களிலேயே தோல் மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். புதிதில் பிரச்சினையே இல்லாமல் நாலு வாரம் கழித்து அரிக்கிறது என்றால் வீட்டில் ப்ளீச் ஊற்றுகிறார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, கறுப்பு எலாஸ்டிக். உங்கள் காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம், அது நாரோடு பிணைந்துவிடும், ஒட்டாத மிச்சம் சோப்பிங்கில் நன்றாகக் கழுவப்பட்டிருந்தால் தோலுக்கு இறங்காது. எலாஸ்டிக் பாலியஸ்டராக இருந்தால் அதற்கு டிஸ்பர்ஸ் சாயம், அது நாரோடு பிணையாமல் உள்ளே தங்குவது, அதில் ப்ளூ 106, ப்ளூ 124 போன்றவை பேர்போன அரிப்புக்காரர்கள், அடர்நிறங்களில்தான் அதிகம் இருக்கும். தீங்கான வேதிப்பொருள்களுக்காகச் சோதித்துக் கொடுக்கும் ஓகோ-டெக்ஸ் சான்று இருக்கும் எலாஸ்டிக்கை வாங்குங்கள், முடிந்தால் பின்பக்கம் அதே துணியால் மூடித் தையுங்கள். அகலத்தைக் கூட்டி இழுவையைக் குறையுங்கள். கழற்றி அரைமணி நேரம் கழித்தும் இடுப்பில் பள்ளம் தெரிந்தால் இறுக்கம் அதிகம்.

துணியின் பிஹெச் அளவையும், அதாவது அமிலமா காரமா என்பதையும் பாருங்கள். பட்டறையில் காரத்தை அசிட்டிக் அமிலம் விட்டு ஒழுங்காக நடுநிலையாக்கவில்லை என்றால் மிச்சம் துணியிலேயே தங்கும், நம் தோலோ லேசான அமிலம். தோலில் படும் துணிக்கு ஓகோ-டெக்ஸ் வரம்பு 4 முதல் 7.5 வரை. கோயம்புத்தூரில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் பிஹெச், வியர்வைக்குச் சாயம் நிற்கிறதா, ஃபார்மால்டிஹைட் மூன்றையும் சோதித்து வாங்குங்கள். லேபிள் தைக்க வேண்டாம், அச்சாகப் போடுங்கள்.

அடுத்த சாம்பிளுக்கு ஒரு தந்திரம். வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு டிசைன் கொடுத்தால் ஒன்றும் விளங்காது, ஒருவனுக்கு வியர்வை அதிகம், இன்னொருவன் மணிக்கு ஒருமுறை இறங்கி நடப்பவன். ஒரே ஜட்டியில் இடது காலில் பழைய துணி, வலது காலில் புதிய துணி தையுங்கள். இடுப்பிலும் ஒரு பாதி எலாஸ்டிக்கை மூடி, மறுபாதியைத் திறந்து விடுங்கள். எந்தப் பக்கம் எரிகிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிந்தால் துணியை விட்டுவிட்டு மறுபடி வெட்டைப் பார்க்க வேண்டும். கொடுக்கும் முன் ஐந்து தடவை துவைத்துவிடுங்கள், புதுத்துணியின் சாஃப்ட்னர் உங்களை ஏமாற்றாமல் இருக்கும். துவைத்த துணியை ஓர் அங்குல அகலத்தில் வெட்டி, நுனியை மைத்தண்ணீரில் தொட்டு பத்து நிமிடம் தொங்கவிட்டு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து எழுதி வையுங்கள், நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. குறுக்குவாக்கில் ஏறாத துணி உங்கள் ஆளுக்கு உதவாது. இவ்வளவும் முடியும்வரை அட்டைப்பெட்டி அச்சடிக்க ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.