குறைகள் உள்ளவர் மற்றவர்களுக்கு ஊழியம் செய்யலாமா?

"சட்டென்று கோபப்படுகிறேன், ஜெபத்திலும் ஒழுங்கில்லை. இப்படிப்பட்ட நான் சபையில் உதவிகள் செய்தால் அது மாய்மாலம் ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. குறையே இல்லாதவர்போல் காட்டிக்கொண்டால்தான் அது மாய்மாலம்.

மாற்குவை நினைத்துப் பாருங்கள். இயேசுவைப் பற்றி அறிவிக்க அப்போஸ்தலன் பவுல் போன முதல் பயணத்தில் பாதியிலேயே, பம்பிலியாவில் வேலையை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனவர் அவர். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிப்போகப் பவுல் சம்மதிக்கவில்லை. பவுலோடு ஊழியம் செய்த பர்னபாவோ கூட்டிப்போக விரும்பினார். அதனால் பர்னபாவுக்கும் பவுலுக்கும் கடுமையான வாக்குவாதம். இருவரும் பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15). பர்னபா மாற்குவைச் சீப்புரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பல வருஷம் கழித்து அதே பவுல், "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). எனக்கு இதில் பர்னபாதான் மனதில் நிற்கிறார். முழுசாகத் தேறி வரட்டும் என்று காத்திராமல் மாற்குவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாரே!

சரி, அன்றாடம் என்ன செய்வது? வேதாகமத்தில், யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற பெண் விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தார். நீங்கள் ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கலாம், தனியாக வர முடியாத ஒரு பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துவரலாம். இடையில் யாரிடமாவது எரிந்து விழுந்துவிட்டால் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள். அதற்காக வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். பண விஷயத்தில் தடுமாறுகிறவர் காணிக்கை எண்ணப் போகக் கூடாது. கை நீட்டும் அளவுக்குக் கோபம் வருகிறவர் இப்போதைக்குப் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை எடுக்கக் கூடாது. உங்கள் போதகரிடம் மறைக்காமல் சொல்லி, உங்களுக்கு ஏற்ற வேறு வேலையைக் கேளுங்கள்.