புகையா, மேகமா? செயற்கைக்கோள் படத்தில் பார்த்துப் பழகிய கதை

கேள்வி: காட்டுத்தீப் புகையும் தூசியும் எங்கிருந்து வருகின்றன என்பதை, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஒரு சாதாரண ஆள் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நான் 2015 முதல் பார்த்து வருகிறேன். இருப்பது சிங்கப்பூரில். அந்த ஆண்டு செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தில் எங்கள் எதிர் புளோக்கே மங்கிப்போனது. 25ஆம் தேதி பள்ளிகளை மூடினார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா. சன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, "நாளைக்காவது விடுமாப்பா?" என்று தினமும் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்தேன். இலவசம்தான், யாரும் பார்க்கலாம்.

முதலில் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும். விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். புகை ஓரிடத்தில் ஒல்லியாகக் கிளம்பி, போகப் போக விரிந்து மங்கும். மேகத்துக்கு அப்படி ஒரு தொடக்கப் புள்ளி இருக்காது. அது பளிச்சென்ற வெள்ளை, ஓரமும் தெளிவாக இருக்கும். புகையோ சாம்பல் கலந்த நீலம். அதன் வழியே கீழே ஆறும் கரையும் லேசாகத் தெரியும். நான் ஏமாந்தது கடலில். வெயில் நீரில் பட்டுத் திரும்பும் இடம் படத்தில் வெள்ளிப் பட்டையாக விழும், பார்த்தால் புகை மாதிரியே இருக்கும். டெர்ரா செயற்கைக்கோள் காலையில் எடுத்த படத்தையும் அக்குவா மதியம் எடுத்ததையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெயில் பட்டை இடம் மாறிவிடும். கரை வந்ததும் நின்றும் போகும். புகை கரையைத் தாண்டி நிலத்தின் மேலும் கிடக்கும்.

அடுத்து, அதே தளத்தில் 7-2-1 என்ற நிறச் சேர்க்கை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் சேர்த்து உருவாக்கும் படம் அது. புகைத்துகள் அந்த ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. அதனால் புகை மெல்லியதாக இருந்தால் படத்தில் விலகிவிடும். எரிந்த நிலம் செம்பழுப்பாகவும் காடு பச்சையாகவும் கீழே தெரியும். சாதாரணப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

செயற்கைக்கோள் சூடான இடங்களைக் குறித்துக் காட்டும் வெப்பப் புள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை மட்டும் எண்ணி முடிவு செய்கிறார்கள். செயற்கைக்கோளில் இருக்கும் வீர்ஸ் என்ற கருவி ஒரு புள்ளியை ஏறக்குறைய 375 மீட்டர் அளவில் பார்க்கிறது. அந்தப் பரப்புக்குள் எங்கோ சூடு இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், அத்தனையும் எரிகிறது என்று அல்ல. சுமத்ராவிலும், போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் எரிவதில் பெரும்பகுதி பீட் நிலம். பல ஆயிரம் ஆண்டுகளாக மட்காமல் குவிந்த இலை தழை. வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததால் காய்ந்து கிடக்கிறது. தீ மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருக்கும். மேலே சூடு குறைவு, புகை மட்டும் ஏராளம். மேகமோ அடர்ந்த புகையோ மூடினாலும் புள்ளி பதியாது. ஆகவே புகை உச்சத்தில் இருக்கும் நாளில் புள்ளிகள் குறைவாகத் தெரிந்தால், தீ அணைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். 2015இல் இந்தோனேசியாவில் எரிந்தது சுமார் 26 லட்சம் ஹெக்டேர். அந்த ஆண்டு எல் நினோ வறட்சி வேறு.

சரி, எப்போது நம்மிடம் வரும்? தெற்கு சுமத்ராவின் பலேம்பாங் நகரத்துப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் அடித்தால், இன்று கிளம்பும் புகை நாளைக்கு இங்கே. அதற்கு ஹிமாவரி நல்லது. ஜப்பானின் இந்தச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. வரிசையாக ஓட்டிப் பார்த்தால் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.

தூசி வேறு கதை. அரபிக்கடல் மேல் வரும்போது பழுப்பாக நன்றாகத் தெரியும். பாலைவனத்தின் மேல் இருந்தால் மண்ணும் தூசியும் ஒரே நிறம், கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கு ஐரோப்பாவின் வானிலைச் செயற்கைக்கோளான மீட்டியோசாட்டின் தூசிப் படத்தைப் பாருங்கள். 11, 12 மைக்ரான் வெப்பக் கதிர்களைத் தூசி வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை வைத்து அதை இளஞ்சிவப்பாகக் காட்டுவார்கள். இரவிலும் வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் இந்தப் படங்கள் சொல்லாது: புகை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகையும் நம் மூக்கருகே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அக்டோபரில் ஒரு நாள், படத்தில் தீவு முழுக்கச் சாம்பலாக இருந்தது. அம்மாவை வெளியே போக வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பிறகு தரையில் அளக்கும் பிஎம்2.5 (மூச்சில் போகும் நுண்துகள்) அளவைப் பார்த்தால், முந்தைய நாளைவிட நன்றாகவே குறைந்திருந்தது. அப்புறம் சாயங்காலம் அம்மாவும் நானும் கீழே இறங்கி, புளோக்கைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தோம்.