கீமோதெரபி தொடங்கப்போகும் என் 23 வயதுத் தங்கை மனம் தளராமல் இருக்க வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

எனக்கு 24 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று சொன்னார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். இளவயதுக்காரர்களுக்கு அதிகம் வருவது, பெரும்பாலானவர்களுக்குக் குணமாகக்கூடியதும்கூட. கழுத்தில் வலியே இல்லாமல் ஒரு நெறி, ராத்திரியில் உடுப்பு நனையும் அளவுக்கு வியர்வை, அப்புறம் பயாப்சி. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கம், சிகிச்சை திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனையில். சிகிச்சை முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது செக்கப்புக்கு மட்டும் போய் வருகிறேன்.

அடுத்த வாரம் தங்கைக்கு முதல் கீமோ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் தங்கையின் இடத்தில் இருந்தவள். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: தைரியமாக இருக்கும் பொறுப்பை அவள் தலையில் ஏற்றாதீர்கள். நோய் தெரிந்த வாரம் வீட்டுக்கு வந்த எல்லோரும் என்னிடம் சொன்னது, "தைரியமா இரு மக்ளே, மனசு விட்டா மருந்து பிடிக்காது." அன்பில் சொன்னதுதான். ஆனால் அதற்கப்புறம் அழுகை வந்தாலே எனக்குப் பயம் வந்தது. இந்த அழுகையால் மருந்து கேட்காமல் போய்விடுமோ என்று. டாக்டரிடமே கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சிரிச்சாலும் அழுதாலும் மருந்து அதோட வேலையைச் செய்யும். தேதிக்கு வா, முடிஞ்சதைச் சாப்பிடு, காய்ச்சல் வந்தா மறைக்காதே. உன் வேலை அவ்வளவுதான்." மலையாளத்தில் சொன்னார், எல்லைக்காரர்களான எங்களுக்கு அது ஒரு தடையில்லை. அன்றைக்குத் திரும்பும்போது ரயிலில் பாறசாலை தாண்டும் வரை அழுதேன். அம்மா முந்தானையைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தாள். குழித்துறையில் இறங்கியதும் பசித்தது, இட்லி சாப்பிட்டோம். நோய் தெரிந்தபிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

எனக்குத் தெம்பு வந்தது ஆறுதல் பேச்சில் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள், அதில் வந்தது.

எனக்குக் கொடுத்தது ஏ.பி.வி.டி. என்று நான்கு மருந்துகள் சேர்ந்த முறை. 1970களில் இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர்கள் உருவாக்கியது, இந்த நோய்க்கு இன்றும் பரவலாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றுவார்கள், இரண்டு தடவை சேர்ந்தால் ஒரு சைக்கிள். முதல் மருந்து செம்பருத்திச் சாறு போலச் செக்கச்செவேல் என்று குழாயில் இறங்கும். அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும். சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. கடைசி மருந்து வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று பையைக் கறுப்பு உறையால் மூடியிருப்பார்கள். உங்கள் தங்கைக்கு வேறு மருந்தாக இருக்கலாம். எதுவானாலும் முதல் நாளே அவளுக்கு என்னென்ன ஆகும், எப்போது ஆகும், எப்போது அடங்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

எழுதிக்கொள்ளும் வேலை என் தம்பியுடையது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஊசி போட்ட தேதி, என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை வாந்தி, காலை மாலை காய்ச்சல் எவ்வளவு என்று எழுதுவான். இரண்டாவது சைக்கிளில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, போன தடவையும் நாலாம் நாள் இப்படித்தான் கிடந்தே. ஆறாம் நாள் எழும்பி டி.வி. பார்த்தே" என்றான். அதைவிட நல்ல ஆறுதலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவன் கையெழுத்திலேயே இருந்தது, ஆறாம் நாள் எழும்பினேன் என்று.

அம்மாவின் வேலை அடுக்களை. எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெயும் மீனும் இல்லாமல் சமையல் கிடையாது. கீமோ முடிந்து வந்தால் அந்த இரண்டு மணமும் எனக்கு ஆகாது, தாளிக்கும் சத்தம் கேட்டாலே குமட்டும். அந்த நாட்களில் அம்மா வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டி விறகடுப்பில் மீன் குழம்பு வைப்பாள். அப்பாவும் தம்பியும் அங்கேயே இருந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி உள்ளே வருவார்கள். யாரும் மீனை விடவில்லை. என்னால் வீடு பட்டினி கிடக்கிறது என்ற குற்ற உணர்வு எனக்கு வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எனக்குக் கஞ்சியும் வேகவைத்த பயறும் சுட்ட அப்பளமும். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. "சாப்பிட்டே ஆகணும்" என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இதில் அம்மாச்சி செய்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கீமோவில் நாக்கு கெட்டு, எதைச் சாப்பிட்டாலும் துருப்பிடித்த இரும்பை நக்கியது மாதிரி இருக்கும். சில்வர் கரண்டி வாயில் பட்டால் இன்னும் மோசம். அம்மாச்சி பிலாவிலையை, அதாவது பலா இலையைப் பறித்து, கழுவி, தம்பியிடம் கொடுத்து வெந்நீரில் முக்கி எடுக்கச் சொல்லி, கரண்டி போலக் கோட்டி, ஈர்க்கில் குத்திக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் எல்லோரும் கஞ்சி குடித்த விதம் அது. கஞ்சிக்கு மறுபடியும் கஞ்சியின் ருசி வந்தது. பிலாவிலை கிடைக்காத ஊர் என்றால் மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். வாய்ப்புண் வந்தால் உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கச் சொல்வார்கள், அதைத் தவறவிடக் கூடாது.

அம்மாச்சிக்கு இன்னொரு ஆசையும் இருந்தது, கஷாயம் வைத்துக் கொடுக்க. எங்கள் மதில் ஓரம் நித்தியகல்யாணி நிறைய நிற்கும். நான்கு மருந்துகளில் ஒன்றான வின்பிளாஸ்டின் அந்தச் செடியில் இருந்து வந்தது, 1950களின் கடைசியில் கனடாவில் பிரித்தெடுத்தார்கள். தம்பி இதைப் படித்துச் சொன்னதும், அம்மாச்சி இலையைப் பறித்து அவிக்கத் தயாராகிவிட்டாள். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றார். செடியில் விஷத்தன்மை உண்டு, மருந்தாகும்போது மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள், கஷாயத்தில் அந்த அளவு யாருக்கும் தெரியாது. அம்மாச்சி கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் தினமும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். உங்கள் வீட்டுக்கும் முள்சீத்தா இலை, ஏதேதோ பொடி என்று ஆட்கள் கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அப்பா அதிகம் பேசாதவர். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர், விடியுமுன் தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிடுவார். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டால் எனக்கு அன்றிரவு தூக்கம் வராது. முகம் சிவந்து, நெஞ்சு படபடவென்று, எல்லாக் கெட்ட நினைப்பும் அப்போதுதான் வரும். அப்பா எழுந்து கட்டங்காப்பி போடும் சத்தம் கேட்டதும் நான் திண்ணைக்கு வந்துவிடுவேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசுவார். எந்த மரம் நன்றாகப் பால் தருகிறது, எதில் பட்டை கெட்டுவிட்டது, மழை வந்தால் இந்த வாரம் வெட்டு நடக்காது, ஒட்டுப்பால் என்ன விலை போகிறது. நோயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பணக் கவலையை மட்டும் மறைக்காமல் சொல்வார்: "இந்த மாசம் இறுக்கம்தான், சமாளிச்சிரலாம்." என்னைக் குழந்தையாக்காமல் வீட்டின் கணக்கைச் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் தங்கையிடமும் எல்லாவற்றையும் மூடி மறைக்காதீர்கள். கதவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசுவது கேட்டால் மனம் உண்மையைவிடப் பெரியதாக எதையாவது கட்டிக்கொள்ளும்.

முடி. இதை எளிதாகக் கடந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும், தலையணையில் கிடக்கும், உச்சந்தலை தொட்டாலே வலிக்கும். நான் முதலிலேயே கட்டையாக வெட்டிக்கொண்டேன், அது கொஞ்சம் உதவியது. தையல்காரியான என் சித்தி பழைய பருத்தி நேரியல் துணியில் தொப்பிகள் தைத்துக் கொடுத்தாள். கடையில் வாங்கியவை உறுத்தும். சித்தி தைத்தவற்றில் தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கும், தலையில் படும் பக்கம் வழவழவென்று ஒன்றுமே இருக்காது. நான் கேட்காமலேயே அதை யோசித்திருந்தாள்.

நீங்கள் பெண்பிள்ளை வீட்டுக்காரர் என்பதால் இன்னொன்று. கீமோ தொடங்கும் முன்பே, பிற்காலத்தில் குழந்தை பெறுவது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மருந்துக்கு மருந்து பாதிப்பு மாறும். ஏ.பி.வி.டி.யில் அது குறைவு என்று எனக்குச் சொன்னார்கள். சில மருந்துகளுக்கு முன்னால் கருமுட்டையை எடுத்துச் சேமிக்க வழி உண்டு, ஆண்கள் விந்தணுவைச் சேமிக்கலாம். தொடங்கியபிறகு கேட்டால் நேரம் போயிருக்கும். கல்யாணமாகாத பெண் இதை எப்படிக் கேட்பது என்று நான் கூசி உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து நின்று கேட்டாள். பத்தாவது தாண்டாதவள், டாக்டர்கள் முன்னால் குரலே எழும்பாதவள். கேட்டுவிட்டு, பதிலைத் திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.

பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "எங்க தெருவுல ஒருத்தருக்கும் இதேதான்" என்று தொடங்கி முடிவு வரைக்கும் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். இங்கே கதிரியக்கம் உள்ள கடற்கரை மணலால் வந்ததா, ரப்பருக்கு அடிக்கும் மருந்தால் வந்ததா என்று காரணம் தேடுவதும் நடக்கும். ஏன் வந்தது என்று டாக்டராலேயே எனக்குச் சொல்ல முடியவில்லை. ஊசி போட்டு ஏழு முதல் பதினான்கு நாள் வரை வெள்ளையணு மிகவும் இறங்கியிருக்கும், அந்தச் சமயத்தில் சளி இருமலோடு யாரும் உள்ளே வரக் கூடாது. தம்பி வாசலிலேயே நாற்காலி போட்டுவிடுவான். சிலருக்கு வருத்தம்தான். பரவாயில்லை.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தயங்காதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால், அது ராத்திரி எத்தனை மணியானாலும், உடனே மருத்துவமனை. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்கக் கூடாது. எனக்கு ஒரு ராத்திரி 101 காட்டியது. பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் ஷீட் ஏற்றும் ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெள்ளையணு கவுண்ட் பாதாளத்தில் இருந்தது. ஆன்டிபயாடிக் ஏற்றிக் காப்பாற்றினார்கள், அடுத்த கீமோ தள்ளிப்போனது. அப்போதுதான் எனக்கு முழுசாக மனம் விட்டுப்போனது. இனிமேல் போடவேண்டாம் என்று சொன்னேன். யாரும் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அம்மா, "இன்னைக்கு அதை முடிவு பண்ண வேண்டாம், சனிக்கிழமை பேசலாம்" என்றாள். சனிக்கிழமை காய்ச்சல் விட்டிருந்தது. பேசவேண்டிய தேவை வரவில்லை.

கடைசியாக, அவளுக்கு நோயாளி என்பதைத் தவிர வேறு ஒரு வேலை இருக்கட்டும். நான் கணக்கு டீச்சர். அந்த வருடம் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, பிள்ளைகள் பக்கத்தில் வரவும் கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாட்ஸாப்பில் சந்தேகம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். முக்கோணவியல் கணக்கைப் படம் எடுத்து அனுப்பி, "டீச்சர், இது வரமாட்டேங்குது" என்பாள். படுத்துக்கொண்டே நோட்டில் போட்டுத் திருப்பி அனுப்புவேன். அந்தப் பத்து நிமிடம் என் உடம்பு எனக்கு ஞாபகமே இருக்காது. உங்கள் தங்கை என்ன படித்தாள், எதில் கெட்டிக்காரி என்று எழுதவில்லை. அதில் சின்னதாக ஒன்றை அவளிடம் கேளுங்கள், முடிந்த நாளில் மட்டும் செய்யட்டும்.

இன்னும் ஒரு உபயோகமான தகவல். சிகிச்சைக்கு ரயிலில் போனால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணம் முழுதாக விலக்கு, கூடப்போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, டிக்கெட் கவுன்டரில் கொடுக்க வேண்டும். முதல் நாள் போகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது மட்டும், முடிந்தால் வாடகைக் கார் பிடியுங்கள். ஊசி போட்ட அன்று கூட்டத்தில் நின்று வருவது கஷ்டம். வண்டியில் ஒரு பிளாஸ்டிக் கவரும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும்.