தரையில் நின்றே காந்தப்புலத்தை அளக்க முடியும்போது, தாது தேடிப் போட்ட ஆழ்துளைக்குள் காந்தமானியை (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) இறக்குவது எதற்கு?

தூரம்தான் காரணம். காந்தம் ஏறிய ஒரு பாறைத் திரளின் புலம், தள்ளிப்போகப் போக மும்மடி விகிதத்தில் குறையும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 மீட்டர் ஆரமுள்ள மேக்னடைட் (காந்தம் மிகுந்த இரும்புத் தாது) உருண்டை, அதன் காந்த ஏற்புத்திறன் (ஒரு புலத்தில் பாறை எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு) எஸ்.ஐ. அலகில் 1, அந்த இடத்தில் பூமியின் புலம் சுமார் 51,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையின் மையம் 400 மீட்டர் ஆழத்தில் இருந்தால் தரையில் நமக்குக் கிடைப்பது அதிகபட்சம் 6 நானோடெஸ்லா. தினமும் சூரியனால் வரும் ஏற்ற இறக்கமே அதைவிடப் பெரியது. அதே உருண்டையை 100 மீட்டர் தள்ளிக் கடந்துபோகும் துளைக்குள் அளந்தால் 400 வரை கிடைக்கும். துளை தாதுவைத் தொடவே இல்லை. ஆனாலும் அது பக்கத்தில் இருப்பது தெரிந்துவிடுகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஆஸ்திரேலியாவின் டெனன்ட் க்ரீக். அங்கே தங்கமும் செம்பும் பிஸ்மத்தும் மேக்னடைட், ஹெமடைட் (காந்தம் குறைந்த இரும்புத் தாது) நிறைந்த சிறு இரும்புக்கல் திரள்களோடு சேர்ந்து கிடைக்கின்றன. திரள்கள் சிறியவை, ஆழத்தில் இருப்பவை. துளை போட்டால் தவறிப்போவது சகஜம். தவறிய துளையை மூடிவிட்டுப் போகாமல், எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் புலம் இழுக்கிறது என்று பார்த்து அடுத்த துளையைத் திருப்புவதுதான் புத்திசாலித்தனம்.

'எந்தப் பக்கம்' என்பதில்தான் சிக்கல். புலத்தின் மொத்த அளவை மட்டும் பார்த்தால், எந்த ஆழத்தில் நெருங்குகிறோம் என்று ஓரளவு சொல்லலாம். இடமா வலமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று ப்ளக்ஸ்கேட் உணரிகள் (ஒவ்வொன்றும் தன் திசையில் உள்ள புலத்தை மட்டும் அளக்கும்) வைத்த ப்ரோபை, அதாவது அளவீட்டுக் குழலை, இறக்குகிறார்கள். அது கம்பியில் தொங்கியபடி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இறங்கும். ஒரு பாகை மட்டும் திசை பிசகினால், 51,000-ல் ஏறக்குறைய 890 நானோடெஸ்லா பிழை வந்துவிடும். நாம் தேடுவதோ 400! பாகையில் பத்தில் ஒரு பங்குக்குள் திசை தெரிந்தாக வேண்டும். திசைகாட்டியை நம்ப முடியாது, ஏனென்றால் அளக்க வந்ததே அந்தப் புலத்தைத்தான். சாய்ந்த துளையில் முடுக்கமானி (புவியீர்ப்பின் திசையை உணரும் கருவி) எது மேல்பக்கம் என்று சொல்லிவிடும். செங்குத்துத் துளையில் அதுவும் கைவிட்டுவிடும், கைரோதான் (சுழற்சியை அளக்கும் கருவி) கதி. என்னைக் கேட்டால், காந்த உணரியைவிட இந்தத் திசைக் கருவிக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

ஆழத்துக்கு ஏற்பப் புலம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். கோடு பற்கள் பற்களாகக் குதித்தால் துளையே மேக்னடைட்டுக்குள் போகிறது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் அது பக்கத்தில் இருக்கிறது. கூடவே காந்த ஏற்புத்திறன் லாகும் (துளை நெடுக எடுக்கும் அளவீடு) எடுத்துவிட்டால் சந்தேகம் தீரும், ஏனென்றால் அது துளைச் சுவரை ஒட்டிய பாறையை மட்டுமே பார்க்கும். சேலம் கஞ்சமலை மாதிரி மேக்னடைட் குவார்ட்சைட் மேலேயே தலைகாட்டும் இடத்தில் பக்கத்துத் திரளைத் தேடும் வேலை குறைவு. அங்கே இந்த லாக், எந்த அடுக்கில் மேக்னடைட் எவ்வளவு என்று மதிப்பிடத்தான் அதிகம் உதவும்.

காந்தமானி தங்கத்தைக் காட்டாது, இரும்புக்கல்லைத்தான் காட்டும். டெனன்ட் க்ரீக்கில் வெறும் இரும்புக்கல்லும் நிறைய உண்டு. திரளில் ஹெமடைட்தான் அதிகம் என்றால் காந்தம் மங்கிவிடும், அங்கே பாறையின் கனத்தைப் பார்க்கும் ஈர்ப்பு அளவீடு கைகொடுக்கலாம். பாறையில் பழைய காலத்துக் காந்தம் தங்கியிருந்தால், இன்றைய புலத்தின் திசையை வைத்துப் போட்ட கணக்கு வேறு பக்கம் கைகாட்டும்.

துளை போடத் திட்டமிடும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள். இரும்பு கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) இருக்கும் பகுதியில் அளவீடு வீண். துளையிடும் ராடுகளை வெளியே எடுத்த பிறகு, துளை சரிவதற்குள் பிவிசி குழாய் இறக்கிவிட்டால் ரிக் (துளையிடும் இயந்திரம்) அடுத்த இடத்துக்குப் போனபின்பும் நிதானமாக அளக்கலாம்.